கண்ணாடிப் பெட்டிக்குள் பொழிலி

பேர் வைக்கிறவர்களுக்கு என்ன, வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைக் கேக் மேல் எழுதுகிறவளுக்கு அல்லவா தெரியும் அவஸ்தை!

நான் சுலோசனா. உப்பளம் பேட்டையில் முசே பிரான்சுவாவின் பேக்கரியில் கேக்குகளின் மேல் க்ரீமால் பேர் எழுதுவது என் வேலை. முசே என்றால் ஐயா. எங்கள் முதலாளி நம்மூர்த் தமிழர்தான், ஆனால் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. ‘சார்’ என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும், ‘முசே’ என்றால் ஒரு பன் சும்மா கொடுப்பார்.

ஊரில் எந்தப் பேர் ஏறுகிறது, எந்தப் பேர் இறங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். ஒரு வருஷம் பூராவும் யாழினி. எழுதி எழுதி என் மணிக்கட்டே வீங்கிப் போனது. அடுத்த வருஷம் மகிழினி. ஆண் பிள்ளைகளோ தக்ஷித், லக்ஷித், ரக்ஷித் என்று ஒரே அச்சில் போட்டு எடுத்த மாதிரி வந்தார்கள். என் பேரை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். அதுவும் யாரோ ஒரு அம்மாளின் அறுபதாம் கல்யாணத்துக்கு.

இப்படி ஊர்ப் பிள்ளைகளின் பேரை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் சொந்தமாக ஒரு பேர் கிடைத்தது. என் தம்பி வெற்றிச்செல்வனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து! எனக்கு இரண்டு பையன்கள். அவர்கள் ‘அம்மா’ என்று கூப்பிடுவதே பசிக்கும்போதுதான். ‘அத்தை’ என்று என்னைக் கூப்பிட உலகத்தில் ஒரு வாய் இல்லையே என்று நான் உள்ளுக்குள் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் அந்தச் சிவப்பு முகத்தைப் பார்த்ததும், ‘நான்தான்டி உன் அத்தை’ என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

எங்கள் வீட்டு வழக்கப்படி முப்பதாம் நாள் தொட்டில் போட்டுப் பேர் வைப்போம். பேரை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் குழந்தையின் காதில் மூன்று தடவை அதை முதலில் சொல்கிறவள் அத்தைதான். அத்தை சொல்கிற வரைக்கும் குழந்தைக்குப் பேர் கிடையாது, பாப்பாதான். அந்த உரிமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

“அண்ணி, பேரு முடிவு பண்ணிட்டேன்” என்றாள் என் தம்பி மனைவி சரிதா, கட்டிலில் சாய்ந்தபடி. “ஆனா யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. தொட்டில் போடற அன்னைக்குத்தான் எல்லாருக்கும் தெரியணும்.”

“ஏன்மா, அப்படி என்னா ரகசியம்?”

“சொன்னா எவளாச்சும் தூக்கிக்கினு போயிடுவா அண்ணி. எங்க கிளாஸ்ல நாலு சரிதா. உயர சரிதா, கண்ணாடி சரிதா, ஐயர் வீட்டு சரிதா. நான் மூக்கு சரிதா. காலேஜ் முடியற வரைக்கும் மூக்கு சரிதாதான். என் பொண்ணு பேரைக் கூப்பிட்டா அவ ஒருத்தி மட்டும்தான் திரும்பணும்.”

அவள் மூக்கு கொஞ்சம் எடுப்புதான். நான் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“பொழிலி” என்றாள் சரிதா. “பொழில்னா சோலை. மாலாக்கா எடுத்துக் குடுத்த பேரு.”

மாலா அவளுடைய அக்கா. காலாப்பட்டில் தமிழ் டீச்சர். அவள் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டு மடித்து வைத்த மாதிரி வரும். அவளும் கட்டிலோரம் உட்கார்ந்துதான் இருந்தாள்.

“பேஷ்! நல்லாருக்கே” என்றேன். “பொயிலி!”

மாலா கண்ணை மூடித் திறந்தாள். மூலையில் பிளாஸ்க்கோடு நின்ற என் தம்பி தரையைப் பார்த்தான்.

“பொ-ழி-லி” என்றாள் மாலா.

“அதைத்தான் நானும் சொல்றேன். பொயிலி.”

என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் வாயப்பயம்தான், மழை மயைதான். பிறந்ததிலிருந்து என் நாக்கு அந்த எழுத்தின் பக்கம் போனதே இல்லை. அது இல்லாமலே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று, வீடும் கட்டிவிட்டேன்.

சரிதாவுக்கு முகம் வாடிவிட்டது. “அண்ணி, கோச்சிக்காதீங்க. நீங்க சொல்றது போயிலை மாதிரி கேக்குது. காதுல மொதல் மொதல்ல விழற பேரு. அது சரியா விழணும்னு எனக்கு ஆசை. மாலாக்கா சொல்லட்டுமே?”

புகையிலையா! எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. “ஏன், மாலா என்னா அத்தையா? பெரியம்மா பேரு வெச்சதா எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா? டேய் வெற்றி, நீ என்னாடா வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?”

“அக்கா, நான் என்னக்கா சொல்றது...” என்றான் அவன். பொண்டாட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் அவன் எப்போதும் அவ்வளவுதான் சொல்வான்.

கடைசியில் பஞ்சாயத்து இப்படி முடிந்தது. தொட்டில் போடுகிற நாளைக்குள் என் நாக்கில் அந்த எழுத்து வந்துவிட்டால் நான் சொல்வது. வராவிட்டால் மாலா சொல்வது. “பரீட்சை நான்தான் வைப்பேன்” என்றாள் மாலா சிரித்துக்கொண்டே. சிரிக்கட்டும், சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் பாடு. குளிக்கும்போது பொயிலி, கோலம் போடும்போது பொளிலி, பஸ்ஸில் ஜன்னலோரம் பொலிலி. என் வீட்டுக்காரர் நெடுமாறன் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “என்னா சுலோ, நாக்குல புண்ணா? பல் டாக்டர்கிட்ட போலாமா?” என்று கேட்டார். மனுஷனுக்கு அக்கறைதான், ஆனால் கேட்கிற நேரத்துக்கு ஒரு அறை விடலாம் போலிருந்தது.

கடையில் கல்லாவில் உட்காருகிறவள் ஆனந்தமேரி. என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிசு. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுவாள். நான் க்ரீமைப் பிழிந்தபடி முணுமுணுப்பதைக் கேட்டு, “என்னக்கா, யாருக்குப் போயிலை வேணும்? வெத்தல பாக்கோட வாங்கியாரவா?” என்றாள்.

வேறு வழியில்லாமல் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். இதோ பாருங்கள், யார் குழந்தை என்று சொல்லவில்லை. ஒரு பேரைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும் என்று மட்டும்தான் சொன்னேன்.

“ஓ, ழானாவா? எங்க பாட்டு மாஸ்டர் முன்னாடி ‘புகள்’னு பாடிப் பாருங்க, ஆர்மோனியத்தை மூடிட்டு எழுந்து போயிடுவாரு. நாக்கை மேல தூக்கி உள்பக்கமா மடிங்க. மேல தொடக்கூடாது. தொட்டா கெட்டுது.”

“தொடாம எப்படிடீ சத்தம் வரும்?”

“வரும். நம்பிக்கையோட மடிங்க.”

மடித்தேன். எச்சில்தான் வந்தது. பிறந்தநாள் கேக் வாங்க வந்த ஒரு அம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

வாயில் வராததைக் கண்ணிலாவது நிறுத்தி வைப்போம் என்று எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. எங்கள் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எப்போதும் ஒரு மாதிரிக் கேக் இருக்கும். உள்ளே தெர்மோகோல், வெளியே நிஜ க்ரீம். வருகிறவர்கள் பார்த்து, இந்த மாதிரி பூ வேண்டும், இந்த மாதிரி எழுத்து வேண்டும் என்று சொல்வதற்காக. வாராவாரம் நான்தான் புதுசாகப் பூசி, மனதுக்குத் தோன்றிய ஒரு பேரை எழுதி வைப்பேன். அந்த வாரத்திலிருந்து ‘பொழிலி’ என்றே எழுதினேன். ரோஸ் நிறத்தில், கொடி சுற்றி, என் கையெழுத்திலேயே அவ்வளவு அழகாக ஒரு பேர் அதுவரை அமைந்ததில்லை. நிமிரும்போதெல்லாம் அது கண்ணில் படும். பட்டதும் நாக்கை மடிப்பேன்.

ரகசியத்தைக் கொண்டுபோய்க் கடை வாசலில் வைத்துவிட்டாயே என்று கேட்பீர்கள். அது உங்களுக்கு இப்போது தோன்றுகிறது. எனக்கு அது மாதிரிக் கேக். மாதிரிக் கேக்கில் இருக்கிற பேரை எவன் நிஜப் பேர் என்று நினைப்பான்?

நினைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் குனிந்து வாசித்தார்கள். “இது என்னா பேருங்க, புதுசா இருக்கே?” என்று கேட்டார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா? “பொழில்னா சோலைங்க. சோலை மாதிரி குளுகுளுன்னு இருக்கிற பொண்ணுன்னு அர்த்தம்” என்றேன். அந்தக் குளுகுளு நானே சேர்த்தது. முசே பிரான்சுவாவும் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு வாசித்து, “த்ரே ஜோலி! ரொம்ப அழகு” என்று தலையாட்டிவிட்டுப் போனார். பிரான்சில் இருக்கிற அவர் மகள் ஜோவிதாவுக்கு அது நிறைமாசம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம், கடையில் கூட்டமே இல்லாத நேரம், ஒரு கேக்குக்குப் பூ வைத்துக்கொண்டே யோசனையில்லாமல் சொன்னேன். பொழிலி.

ஆனந்தமேரி சில்லறையைப் போட்டுவிட்டு எழுந்தாள். “அக்கா! இன்னொரு தடவை!”

“பொழிலி.”

“ஆண்டவரே! வந்துடுச்சுக்கா!”

“பொழிலி! பொழிலி! வாழைப்பழம்! கிழக்கு! கிழிஞ்சுது போ!” ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். முசே உள்ளேயிருந்து ஓடிவந்து, அடுப்பில் ஏதாவது தீயா என்று கேட்டார்.

புதுச் செருப்பு வாங்கினவள் வீட்டுக்குள்ளேயும் போட்டுக்கொண்டு நடப்பாளே, அப்படி ஆகிவிட்டது எனக்கு. கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பேரைத் தப்பாக வாசித்தால் விடமாட்டேன். “அப்படி இல்லைங்க. நாக்கை மேல தூக்கி மடிங்க. தொடாதீங்க. ம், இப்ப சொல்லுங்க.” ஒரு போலீஸ்காரரைக்கூடச் சொல்ல வைத்தேன். அவரும் பாவம், பப்ஸை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்.

தொட்டில் போடுவதற்கு முந்தின வாரம் விஜயராகவன் என்று ஒருவர் வந்தார். அடிக்கடி வருகிற வாடிக்கையாளர்தான், கொரியர் ஆபீஸ் வைத்திருக்கிறார்.

“மேடம், பேத்திக்குப் பேர் வெக்கிறோம். ரெண்டு கிலோ கேக். ‘பொளிலி’ன்னு எழுதிடுங்க.”

“பொளிலி இல்ல சார், பொழிலி. நாக்கை மடிங்க” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கேட்டதே எனக்கு விளங்கியது. கையிலிருந்த க்ரீம் பையைக் கீழே வைத்தேன்.

“சார், அந்தப் பேரா? அது... அது வேணாம் சார். ரொம்பப் பழைய பேரு சார். கிழவி பேரு மாதிரி இருக்கும்.”

“அதான் மேடம் இப்ப ஃபேஷன். நீங்கதானே மேடம் அன்னைக்கு அர்த்தமெல்லாம் சொன்னீங்க? குளுகுளுன்னு. என் மருமவ கேட்டதும் மயங்கிட்டா.”

“கூப்பிடறது கஷ்டம் சார்.”

“நீங்கதான் சொல்லிக் குடுத்துட்டீங்களே” என்று சந்தோஷமாகப் பணத்தைக் கட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் முதல் வேலையாகக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அந்தப் பேரைக் கரண்டியால் வழித்து எறிந்தேன். வழித்து என்ன பிரயோஜனம்? மறுநாள் காலாப்பட்டிலிருந்து ஒரு பெண் போனில் ஆர்டர் கொடுத்தாள். அதே பேர், கண்ணாடிப் பெட்டியில் பார்த்தாளாம். அதற்கும் மறுநாள் முசே ஒரு டப்பா நிறைய மிட்டாயோடு வந்தார். ஜோவிதாவுக்குப் பாரிஸ் பக்கத்தில் பெண் குழந்தை. அங்கே பிறந்த சில நாளுக்குள் பேரைச் சொல்லிவிட வேண்டுமாம். சொல்லிவிட்டார்களாம். “நம்ம கடைப் பேரு, சுலோசனா!” என்று என் கையில் மிட்டாயை அள்ளி வைத்தார். என் குழந்தைக்கு இன்னும் பேரே வைக்கவில்லை, அதற்குள் அது கடல் தாண்டிப் போய்விட்டது.

“சரிதாகிட்ட சொல்லிடுங்கக்கா” என்றாள் ஆனந்தமேரி. எல்லாவற்றையும் அவளும் இதற்குள் புரிந்துகொண்டிருந்தாள்.

“சொன்னா பேரை மாத்திடுவா.”

“மாத்தட்டுமே. புதுப் பேரையும் நீங்கதானே சொல்லப் போறீங்க?”

“ஏன், அந்த டீச்சரம்மா சும்மா இருப்பாளா? ரகசியத்தைக் காப்பாத்தாதவளுக்கு எதுக்கு உரிமைன்னுதான் கேப்பா. கேட்டா நான் என்னா சொல்றது?” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். “அதோட, இந்தப் பேருக்காகத்தாண்டி என் நாக்கையே திருப்பினேன். வேற எவ பேரையும் நான் இப்படிப் படிச்சதில்ல.”

பேர் வைத்த பிறகு எப்போதாவது தெரிந்தால் தெரியட்டும், காதில் விழுந்த பேரை யாராலும் திரும்ப எடுக்க முடியாது என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன்.

கருவடிக்குப்பத்தில் என் தம்பி வீடு. முப்பதாம் நாள் சாயங்காலம் கூடம் நிறைய ஜனம். நடுவில் புதுப் பட்டுப்புடவையைக் கொக்கியில் கட்டித் தொட்டில் ஆக்கியிருந்தார்கள். கட்டியது வெற்றிச்செல்வன். முதலில் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டினோம். அதுவும் எங்கள் வழக்கம்தான். கல் மாதிரி திடமாகக் குழந்தை இருக்க வேண்டும் என்று. அப்புறம் கல்லை எடுத்துவிட்டுக் குழந்தையைப் படுக்க வைத்தார்கள். நான் கொண்டுபோன வெள்ளிக் கொலுசைக் காலில் போட்டேன். அது கொட்டாவி விட்டது.

மாலா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். “எங்க, சொல்லுங்க.”

“பொழிலி. பொழிலி. பொழிலி. இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லவா?”

மாலாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “என் கிளாஸ்ல இத்தனை பிள்ளைங்க இருக்குதுங்க, ஒண்ணுக்கும் இவ்வளவு சுத்தமா வராதுங்க. நீங்கதான் சொல்லணும்” என்றாள். நல்ல பெண்தான். நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டு எடை போட்டுவிட்டேன்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். தொட்டிலோரம் போய் நின்றேன். குனிய வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பு விடுகிற சத்தம். குழந்தை பிறந்த அன்றே நான் வரச் சொல்லியிருந்த முசே பிரான்சுவா, பின்னால் ஆனந்தமேரி. ஆனந்தமேரி என்னைப் பார்த்துக் கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினாள். அவரை வழியெல்லாம் தடுத்துப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை.

“மன்னிக்கணும், லேட்டாயிடுச்சு” என்றார் முசே. கையில் போன். நேராகச் சரிதாவிடம் போனார். “இது என் பேத்தி, மா. பாரிஸ்ல இருக்கா. பாருங்க, நம்ம பொழிலி எப்படிச் சிரிக்கிறா!”

போனை வாங்க நீட்டிய கையைச் சரிதா இழுத்துக்கொண்டாள்.

“என்னா பேரு சொன்னீங்க?” என்றாள் சரிதா.

“பொழிலி. உங்க அண்ணிதான் கேக்ல எழுதிக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்களே! ஊரே பார்த்துச்சு. நம்ம கொரியர் விஜயராகவன் பேத்திக்கும் அதே பேருதான். காலாப்பட்டுல ஒண்ணு. ரொம்ப ராசியான பேரு!”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்த்துவதாக நினைத்துத்தான் சொன்னார்.

சரிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “அண்ணி, உங்களை நம்பித்தானே சொன்னேன்” என்றாள்.

“பழகறதுக்காக எழுதினேன்மா. சத்தியமா யாருக்கும் யார் குழந்தைன்னு சொல்லல...”

“இப்பவே மூணு பேரு. ஸ்கூல் போறதுக்குள்ள முப்பது ஆயிடும். உயர பொழிலி, கண்ணாடி பொழிலி...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேணாம். அந்தப் பேரு வேணாம். வேற பேரு பாருங்க.”

அவ்வளவுதான், கூடம் சந்தையாகிவிட்டது. மாலா போனை எடுத்துத் தேட ஆரம்பித்தாள். “நறுமுகை?” “பக்கத்து வீட்ல இருக்கு.” “தாமிரா?” “ஐய, பாத்திரக்கடை மாதிரி.” கிராமத்திலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா சாமிக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “யாருக்கும் இல்லாத பேருதானே வேணும்? எங்கம்மா பேரு குஞ்சம்மாள். இந்தியா பூரா தேடினாலும் இன்னைக்கு ஒரு குழந்தைக்குக் கிடையாது” என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் தொட்டில் பக்கத்திலேயே நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு புதுப் பேரைக் கொடுத்தால், அதை யார் சொன்னால் என்ன என்று ஆகிவிடும். என் வாயில் இருந்த பேர் வாயிலேயே நின்றுவிட்டது. குழந்தை விழித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னிச்சுக்கோடி ராசாத்தி, உங்க அத்தை ஒரு கூறுகெட்டவ என்று மனசுக்குள் சொன்னேன்.

அப்போது தலைக்கு மேல் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. பட்டுப்புடவை வழுக்கும் சத்தம். குழவிக்கல்லின் கனத்தில் முடிச்சு முன்பே நெகிழ்ந்திருக்கிறது. நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் தொட்டில் ஒரு பக்கம் சடாரென்று இறங்கியது.

“ஐயோ, பொயிலி!”

வீடே அதிர்கிற மாதிரி அந்தக் குரல் வந்தது. நான் இரண்டு கையையும் நீட்டிவிட்டேன். புடவை மொத்தமாக அவிழ்ந்து என் தலை மேல் விழுந்தது, குழந்தை பத்திரமாக என் மார்பில் இருந்தது. அதற்கு ஒன்றும் இல்லை. ஒரு விக்கல் விட்டது, அவ்வளவுதான்.

புடவையை விலக்கிப் பார்த்தால், சரிதா என் முன்னால் மூச்சிரைக்க நிற்கிறாள். குழந்தையைத் தலையிலிருந்து கால் வரை தடவிப் பார்க்கிறாள். “பொயிலி, பொயிலி, ஒண்ணுமில்லடா, அம்மா இங்கதான் இருக்கேன், பொயிலி...”

முதலில் சிரித்தது ஆனந்தமேரி. அப்புறம் மாலா வாயைப் பொத்திக்கொண்டாள். முடிச்சுப் போட்ட என் தம்பி மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். சரிதாவுக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

“நான் என்னா சொன்னேன்?” என்றாள்.

“போயிலை” என்றேன் நான். “வெத்தல பாக்கு மட்டும்தான் சொல்லல.”

அவளும் சிரித்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பேர் வேண்டாம் என்று சொன்னவள்தான். ஆனால் ஒரு மாசமாக, யாரும் இல்லாதபோது பால் கொடுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கொஞ்சியிருக்கிறாள் என்று பிறகு சொன்னாள். நெஞ்சு பதறும்போது அதைத் தவிர வேறு எந்தப் பேரும் அவள் வாயில் வரவில்லை. என்னைப் பரீட்சைக்குப் படிக்க வைத்த அந்த ழானாவும் வரவில்லை.

“வேற பேரு பாக்கவா?” என்று மாலா கேட்டாள், போனைக் கையில் வைத்தபடியே.

“வேணாங்க்கா. எத்தனை பேரு வேணா வெச்சிக்கட்டும்.” சரிதா குழந்தையின் முடியை ஒதுக்கி, அதன் காதை என் பக்கம் திருப்பினாள். “சொல்லுங்க அண்ணி. நீங்களாவது ஒழுங்கா சொல்லுங்க.”

அந்தக் காது என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. குனிந்து, நாக்கை மடித்து, மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் மாலாவே மெச்சுகிற மாதிரி வந்தது. வழக்கத்தில் இல்லாத நாலாவது தடவையை எனக்காகச் சொன்னேன். அதற்குள் அழுகை முந்திக்கொண்டதால் அது பொழிலியா பொயிலியா என்று எனக்கே தெரியவில்லை.